கையில் வைத்த இரும்பு

சொர்ணலதாவின் வலக்கை நடுவிரல் எவ்வாறு முறிந்தது என்பதைக் கம்பம் கடைத்தெரு முழுவதும் அறிந்திருந்தது. அறியாதவள் சொர்ணலதா ஒருத்திதான்.

வாழைத்தார் ஏற்றுபவர்கள் அறிந்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் பெண்கள் அறிந்திருந்தார்கள். விடியலில் மலைத்தோட்டங்களுக்கு ஜீப்பேறும் கூட்டத்தினர் அதை ஏறும்போது ஒரு விதமாகவும் இறங்கும்போது வேறு விதமாகவும் சொல்லிக்கொண்டார்கள். "வலிப்புக்காரப் பொம்பள, சொல்லச் சொல்லக் கேக்காம ஜிம்முல வெயிட்டத் தூக்கியிருக்கு. தூக்குன எடத்துலயே இழுத்துருச்சு. கையிலயே போட்டுக்கிருச்சாம்." ஊர் எழுதி முடித்த வரலாறு இதுவே. இதில் வலிப்பு என்ற ஒரு சொல் மட்டும் மெய்.

ஏனெனில், அந்த உடற்பயிற்சிக் கூடத்திற்குள் கால்வைத்த நாள்முதல் அவள் ஓர் இரும்புத் துண்டையும் தொட்டதில்லை. தொட அவளை விட்டதுமில்லை.

பள்ளிப் பருவத்தில் தொடங்கிய வலிப்பு அவளுடையது. பல மருந்துகள் தோற்றபின் ஒரு மாத்திரை வென்றது. அதன்பின் நான்கு ஆண்டுகள் அவள் உடல் அவள் சொற்படி நடந்தது. கொதிக்கும் உலைமுன் தனியே நின்றாள். கணவன் பொன்னுராஜின் திராட்சைக் கமிஷன் கடையில் தனியே அமர்ந்தாள். கருவறை முன் கண்மூடிப் பதிகம் பாடும்போது, விழுந்துவிடுவோமோ என்று ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவளை விட்டு நீங்கியது. இத்தனை அருளுக்கும் அந்த மாத்திரை கேட்ட காணிக்கை ஒன்றே. ஆண்டுதோறும் அவள் உடலின் எடை ஏறியது.

தேனியில் அவளைப் பார்க்கும் நரம்பு மருத்துவர் அளந்து பேசும் பெண்மணி. இவ்வாண்டுத் தொடக்கத்தில் சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, வழக்கத்தினும் அளந்து பேசினார்.

"கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. சர்க்கரையும் வாசல் வரைக்கும் வந்திருக்கு. எடை குறையணும். குறையலைன்னா இந்த மாத்திரையைத் தொடர முடியாது."

"வேற மாத்துனா, பழையபடி வந்துருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். வாக்குக் குடுக்க முடியாது."

வந்தால் என்னவாகும் என்பதை மருத்துவர் சொல்லவில்லை. சொர்ணலதாவுக்குச் சொல்லவேண்டியதும் இல்லை. அடுப்பு போகும், கடை போகும், மூடிய கண் போகும்.

என்ன செய்யலாம், என்ன ஆகாது என்பதை மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நடக்கலாம்; சைக்கிள் மிதிக்கலாம்; சிறிய எடைகளைத் தூக்கலாம். விவரம் அறிந்த ஒருவர் அருகில் இருக்கவேண்டும். உறக்கம் கெடலாகாது. பட்டினி ஆகாது.

கம்பத்தில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கிய உடற்பயிற்சிக் கூடம், வாழைப்பழம் பழுக்கவைக்கும் குடோனின் மாடியில் இருந்தது. படியேறும்போதே பழவாசம் பசியைத் தட்டி எழுப்பும். காலையும் மாலையும் ஆடவருக்கு உரியவை. பெண்களுக்கு முற்பகல். நடத்துபவன் திலீபன். எண்ணெய் பூசிய மேனியோடு, மூச்சை அடக்கி, கண்கள் பிதுங்க அவன் நிற்கும் படம் சுவர் முழுவதையும் அடைத்திருந்தது.

"வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லிறாத" என்றுதான் மாமியார் முத்துமாரியம்மாள் அனுப்பி வைத்தாள். சொர்ணலதா சொன்னாள். மறைத்துச் சேர்ந்தால் அருகில் நிற்பவர்க்கு விவரம் தெரிவதெப்படி?

திலீபன் கேட்டு முடிக்குமுன் அரையடி பின்வாங்கினான். அவ்வளவு பெரிய மார்பும் தோளும் அரையடி பின்வாங்கியதை அவள் பார்த்தாள். பார்த்ததைப் பார்க்காதவள்போல் தாளை நீட்டினாள்.

"சரிங்கக்கா. சைக்கிளு ஓட்டுங்க, மெதுவா நடங்க. இரும்ப மட்டும் தொடக் கூடாது."

"சின்ன எடை தூக்கலாம்ன்டு டாக்டரே எழுதியிருக்காகளே?"

"அவுக தேனியில உக்காந்து எழுதுவாக. இங்கன விழுந்தா நான்ல பதில் சொல்லணும்?"

பணம் கட்டிய மற்றப் பெண்கள் அனைவரிடமும், "வெயிட் எடுத்தாத்தான் கொழுப்பு கரையும்" என்று அவன் ஓதிக்கொண்டிருந்தான். அவளிடமும் அதே பணத்தை வாங்கிக்கொண்டு, மூலையில் நின்ற சைக்கிளைக் காட்டினான். சிறியதினின்று பெரியதாக டம்பெல்கள் அடுக்கிய கறுப்புச் சட்டம் அந்தச் சைக்கிளுக்கு எதிரிலேயே இருந்தது. நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டே அவள் மிதித்தாள்.

அடுத்த சைக்கிள் எப்சிபாவினுடையது. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அவள், சொர்ணலதாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சொர்ணலதா தன் நோயை அவளிடமும் முதல் நாளே சொன்னாள். எப்சிபா பின்வாங்கவில்லை. தன் சைக்கிளை இன்னும் சற்று நெருக்கிப் போட்டுக்கொண்டாள். ஆனால் விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தனக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தாள்.

இருவரும் கடிகாரம் பார்ப்பதில்லை. சொர்ணலதா மனத்துக்குள் ஒரு பதிகத்தை முதலிலிருந்து கடைக்காப்பு என்னும் ஈற்றுப் பாட்டு வரை பாடி முடித்தால் ஒரு சுற்று. எப்சிபாவுக்கு ஞாயிறு ஆராதனையில் பாடும் கீர்த்தனை ஒன்று அளவு.

"எத்தனாவது பாட்டுல இருக்க, லதா?"

"ஏழு. நீங்கக்கா?"

"எனக்கு ரெண்டாஞ் சரணமே முடியல. ஆண்டவரு இன்னிக்கு மேட்டுல ஏத்துறாரு."

டிரெட்மில் நடைப்பட்டையில் கைப்பிடியை இறுகப் பற்றியபடி ஆமைபோல் ஊர்ந்துகொண்டிருந்த பாண்டியம்மாள், மூட்டுவலிக்காக வருபவள், டிபன் கடைக்காரி, அங்கிருந்தே குரல் கொடுப்பாள். "ஏத்தா, நீங்க ரெண்டு பேரும் எளைக்கிறீகளோ இல்லயோ, சாமிக ரெண்டும் எளச்சுப் போகும்!"

வளையல் முழங்கையை நோக்கி நழுவத் தொடங்கியது. கீழே குனிந்து கொலுசுத் திருகை மாட்டும்போது மூச்சு இரைக்கவில்லை. மருத்துவர் சோதித்துவிட்டு, "நல்ல பாதை, விடாதீங்க" என்றார். சட்டத்தில் அடுக்கிய இரும்பைத் தொடாமலே இவ்வளவு, தொட்டிருந்தால் எவ்வளவோ. அதை எண்ணுகையில் மட்டும் நெஞ்சில் ஒரு முள் இடறும்.

திலீபனிடம் ஒரு வழக்கம் இருந்தது. வராதவர்களின் பெயரைச் சொல்லி, வாட்ஸப் குழுவில் குரல்பதிவு போடுவான். அதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். பெயர் வந்தவளும் சிரித்தாக வேண்டும். இன்னொரு வழக்கம், யாராக இருந்தாலும் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பது. எழுதிக் கொடுத்த தாளை அவன் படித்திருந்தால், அவளுக்கு அது ஆகாது என்பது தெரிந்திருக்கும். சட்டைப்பையில் மடித்து வைத்ததோடு சரி.

சித்திரையில் தேவாரம் என்ற ஊரில் பொன்னுராஜ் வீட்டாரின் அம்மன் கோயில் பொங்கல் வந்தது. விடிய விடிய வழிபாடு. "வருசத்துல ஒரு ராத்திரி ஆத்தாளுக்குக் கண்ணு முழிச்சா கொறஞ்சா போயிருவ?" என்றாள் முத்துமாரியம்மாள். உறக்கம் கெடலாகாது என்பதை அறிந்தும் சொர்ணலதா விழித்திருந்தாள். அந்தப் பிழை அவளுடையது. அதை அவள் எவர் தலையிலும் ஏற்றியதில்லை. காலைப் பேருந்தில் கம்பம் திரும்பிப் பாயை விரித்தபோது கைப்பேசி ஒலித்தது.

"சொர்ணலதாக்கா! சாமி கும்புட்டா புண்ணியந்தான் ஏறும்ங்கக்கா, எடை எறங்காது! இன்னிக்கு வரலன்னா நாளைக்கு டபுளு!"

குழுவில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவள் பாயைச் சுருட்டினாள். வெறும் வயிற்றோடு படியேறினாள். பழவாசம் அன்று குமட்டியது.

நான்காம் பாட்டின் ஈற்றடி வரை அவளுக்கு நினைவிருக்கிறது. ஐந்தாம் பாட்டு இல்லை.

கண் விழித்தது மருத்துவமனையில். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. புருவத்தருகே புடைப்பு. வலக்கை கட்டுக்குள் இருந்தது. பொன்னுராஜ் பேசாமல் அமர்ந்திருந்தான். பேசாதிருத்தல் அவன் இயல்பாதலால் அதிலிருந்து அவள் எதையும் அறியமுடியவில்லை.

வீடு திரும்பிய அன்று மாலை குழுவிலிருந்து அவள் எண் நீக்கப்பட்டிருந்தது. மறுநாள் பொன்னுராஜ் அந்த வழியே போய்வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"கண்ணாடிக் கதவுல ஒட்டியிருக்கான், லதா. வலிப்பு நோய் உள்ளவங்களுக்கு அனுமதி இல்லைன்டு. பெரிய எழுத்துல."

"பேரு போட்டுருக்கானா?"

"பேரு எதுக்கு? ஊருக்கே தெரியுமே."

முத்துமாரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்து சொன்னதாலதான இம்புட்டும்? மறச்சிருந்தா மரியாதையா இருந்திருக்கலாம்."

"மறச்சிருந்தா விழுந்துருக்க மாட்டேனா, அத்த?"

"விழுந்துருப்ப. பசி மயக்கம்ன்டு சொல்லியிருப்போம்!"

"விடுங்கம்மா" என்றான் பொன்னுராஜ். "லதா, இனி வாய்க்கா ஓரமா நடந்துக்கிருவோம். நானும் கூட வாரேன்."

"நீங்களா? பின்னால இருக்க மண்டிக்கே வண்டி எடுக்கிறவுக, வாய்க்கா ஓரம் நடக்கப் போறீக?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஊர்ப்பேச்சு அதற்குள் அவள் செவிக்கும் எட்டியிருந்தது. தூக்கினாள், விழுந்தாள், விரலில் போட்டுக்கொண்டாள் என்ற அந்தப் பேச்சு. தொடாத இரும்பு தன் விரலை எப்படி முறித்தது? வலிப்பு வந்தால் நினைவு போகும். நினைவு போன பொழுதில் தான் எழுந்து போய் எடை தூக்கியிருக்க முடியுமா? தன்மீதே அவளுக்கு ஐயம் பிறந்தது. தன் உடல் தன்னை அறியாமல் எதுவும் செய்யக்கூடும் என்ற பழைய அச்சம், நான்கு ஆண்டுகள் வெளியே நின்றிருந்த அச்சம், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அமர்ந்தது.

தேனி மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எடை மேல விழுந்தா எலும்பு நசுங்கும். இது ரெண்டு பொருளுக்கு நடுவுல சிக்கி ஒடிஞ்சிருக்கு. வலிப்பு வந்தப்ப உங்க கையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். சைக்கிள் கைப்பிடி."

"அப்ப யாரோ எதையோ குடுத்திருக்காங்க" என்று தாளில் எழுதத் தொடங்கினார். உறக்கமின்மையும் பட்டினியும் செய்த வேலை இது, மாத்திரை தோற்கவில்லை, ஆகவே அதைக் காப்பாற்றவேண்டும், எடை இன்னும் குறையவேண்டும், பயிற்சியை நிறுத்தக் கூடாது. "விரல் கூடுற வரைக்கும் இடக்கை போதும். விழுந்தா என்ன செய்யணும்னு கூட இருக்கிறவங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

சொர்ணலதா இல்லையென்று தலையசைத்தாள். நோயைச் சொன்னாள், சொன்னதற்குரிய விலையையும் கொடுத்தாள். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் எப்சிபா வந்தாள். கையில் பேக்கரி ரொட்டி. அமர்ந்தவள் ரொட்டிப் பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். முத்துமாரியம்மாள் காப்பி போட உள்ளே போனதும் சட்டென்று சொன்னாள்.

"நான்தாண்டி வச்சேன்."

"எதைக்கா?"

"இரும்ப. உன் கையில."

சொர்ணலதா கட்டுப்போட்ட கையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீ வெட்டி வெட்டி இழுத்தயா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பாண்டியம்மா இடுப்புச் சாவிக்கொத்த உருவிக் குடுத்தாக. அதத்தான் மொதல்ல வச்சேன். திலீபன் தம்பி உன் கால் ரெண்டையும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, 'சாவியெல்லாம் பத்தாதுக்கா, பெருசாக் குடுங்க, பெருசாக் குடுங்க'ன்டு கத்துனான். ரேக்குல இருந்து டம்பெல்ல எடுத்தேன். நீ விட்ருவயோன்டு ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சேன். உன் கை உதறிக்கிட்டுப் போயி சைக்கிள் கால்ல அடிச்சுச்சு. சத்தம் கேட்டுச்சு லதா. நான் விடல. அதுக்குப் பொறகும் விடல. இரும்பு வேல செய்யுதுன்டு நெனச்சேன்."

உள்ளே பாத்திரம் உருண்டது.

"ஏசுவ நம்புறவுகதானக்கா நீங்க? இரும்ப எப்ப இருந்து நம்புனீக?"

"அந்நேரம் யாருடி வேதத்தப் பெரட்டிப் பாப்பா? எங்க அம்மா வச்சாக, எங்க பாஸ்டரம்மாகூட வச்சுப் பாத்துருக்கேன். நானும் வச்சேன்."

"சரி. நான் தூக்குனேன்டு ஊருல சொன்னது யாரு?"

எப்சிபா நூலை முடிச்சிட்டாள். "தம்பி. போலீசு கேசு ஆகிரும்ன்டு பயந்துட்டான். நான் வாயப் பொத்திக்கிட்டேன். உன் வெரல ஒடிச்சவ நான்ன்டு தெரிஞ்சா… ஞாயித்துக்கெழம கோயில்ல கண்ண மூட முடியல லதா. மூடுனா அந்தச் சத்தம்."

அவள் அழுதாள். சொர்ணலதாவுக்கு அழுகை வரவில்லை. அன்போடு செய்த கொடுமையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. பின்பு மெல்ல மெல்ல வேறொன்று விளங்கியது. விளங்க விளங்க உடம்பு சூடேறியது.

எந்த இரும்பு? நாள்தோறும் கண்முன் அடுக்கிவைத்து, உனக்கு ஆகாது என்று விலக்கிய அதே இரும்பு. மருத்துவர் எழுதிக் கொடுத்தும், காசு கட்டிக் கேட்டும், வாய்விட்டு இரந்தும் கிடைக்காத இரும்பு. அறிவோடு நின்று கேட்டவளுக்கு இல்லை. அறிவிழந்து தரையில் கிடந்தவளுக்கு, கேளாமலே, விரல் ஒடியும்படி! ஒடித்தபின் அவளே எடுத்தாள் என்ற பழி. பழிக்குமேல் கதவில் ஒட்டிய தாள். சினம் நெஞ்சைச் சுடும், அடக்கு என்று படித்து வளர்ந்தவள் அவள். அடக்கி வைத்திருந்த சினமெல்லாம் இத்தனை காலம் எங்கே தங்கியிருந்ததோ, அன்று ஒருசேர எழுந்தது.

"நாளைக்கு ஜிம்முக்கு வருவீகளாக்கா?"

"அன்னிக்குப் பொறகு நானும் போகல."

"நாளைக்கு வாங்க."

மறுநாள் முற்பகல் அவள் தெருமுனை அம்மன் சந்நிதியில் நின்றாள். அந்த அம்மைக்கு எட்டுக் கைகள். எட்டிலும் படைக்கலங்கள். சூலம், வாள், அங்குசம் என்று இரும்பின்றி ஒரு கை இல்லை. ஊர் அவள் காலடியில் விழுந்து, உன் கையில் உள்ளதைக் கொண்டு எங்களைக் காத்தருள் என்று வேண்டுகிறது. அவள் கையில் அதை எவரும் மயக்கத்தில் திணிக்கவில்லை, அவளே எடுத்தாள். சொர்ணலதா திருநீற்றை இடக்கையால் எடுத்து இட்டுக்கொள்ள நேர்ந்ததற்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டு படியேறினாள்.

கண்ணாடிக் கதவில் தாள் இருந்தது. பொன்னுராஜ் சொன்னதினும் எழுத்து பெரிது. அதை நின்று வாசித்துவிட்டு, கதவைத் தோளால் தள்ளினாள்.

பாண்டியம்மாள் நடைப்பட்டையை நிறுத்தத் தெரியாமல் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். எப்சிபா வந்திருந்தாள், சைக்கிளில் ஏறாமல் அதன் அருகே நின்றிருந்தாள். திலீபன் மேசைக்குப் பின்னிருந்து எழுந்தான்.

"அக்கா, கதவுல பாக்கலயா?"

"பாத்தேன். வாசிச்சேன். எழுதுனவனப் பாக்க வந்தேன்."

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க நல்லதுக்குத்தான். நீங்க வெயிட்ட எடுத்து, எதோ ஒண்ணு ஆயி…"

"நான் எடுத்தேனா?"

அவன் மற்றப் பெண்களைப் பார்த்தான். "அந்தக் கொழப்பத்துல யாரு என்ன எடுத்தான்டு…"

"சாவி பத்தாது, பெருசாக் குடுங்கன்டு கத்துனது யாரு தம்பி?"

சுவரில் எண்ணெய் பூசிய திலீபன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். கீழே நின்ற திலீபனும் அவ்வாறே நின்றான்.

"சாவி என்னோடதுதான் ஆத்தா" என்றாள் பாண்டியம்மாள் நடந்தபடியே. "மறைக்கல. நீ துள்ளுனதுல எங்க போச்சோ, அன்னிக்குக் கடையத் தொறக்கப் பூட்ட ஒடச்சோம்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"எல்லாரும் நல்லதுன்டு நெனச்சுத்தானக்கா செஞ்சோம்" என்றான் திலீபன். "எங்க ஊருல எல்லாரும் இரும்புதான் குடுப்பாக."

"நெனவோட நின்னு கேட்டேன், குடுக்கல. டாக்டர் எழுதுன தாளக் காமிச்சுக் கேட்டேன், குடுக்கல. நெனவு தப்பிக் கெடந்தப்ப மட்டும் எப்பிடிப்பா மனசு வந்துச்சு? அதுவும் பெருசா?"

"வெரல் போனது போகட்டும். பொத்திப் புடிச்சவுக வந்து அழுதுட்டாக, அதோட முடிஞ்சுச்சு. நான் தூக்குனேன்டு சொன்னயே, அது என்ன ஞாயம்? எனக்கே என்மேல சந்தேகம் வந்துருச்சு தெரியுமா? நெனவில்லாம எந்திரிச்சுப் போயி எதையாச்சும் செஞ்சிருப்பேனோன்டு, கட்டுப் போட்ட கைய வச்சுக்கிட்டு மூணு நாளாச் சோறு எறங்கல. வெறும் வயித்தோட வரச்சொன்ன. தூக்கமில்லாம வந்தவள ஊரு சிரிக்கக் கூப்புட்ட. பேரச் சொல்லிக் கூப்புட்டயே குழுவுல, அதே குழுவுல நடந்தத நடந்தபடி சொல்லு. கதவுல இருக்கதக் கிழி."

"அக்கா, ஜிம்மு என்னோடது. ஆம்பளப் பிள்ளைகளும் வாராக. பயப்படுறாக. குழுவுல நான் போட முடியாதுங்கக்கா." குரல் தணிந்திருந்தாலும் அவன் அசையவில்லை. "காசு வேணும்னா திருப்பித் தந்துர்றேன்."

"காச யாரு கேட்டா?"

அப்போது எப்சிபா கைப்பேசியை எடுத்துக் குழுவைத் திறந்தாள். உதட்டருகே கொண்டுபோய், கோயிலில் அறிக்கை வாசிப்பவள்போல் நிமிர்ந்து நின்றுகொண்டு பேசினாள்.

"எல்லாருக்கும் சொல்றது, நான் துணிக்கடை எப்சிபா. லதா எடையத் தூக்கல. வலிப்பு வந்து கெடந்தப்ப டம்பெல்ல அவ கையில வச்சு அமுக்குனது நான். பெருசா வைக்கச் சொன்னது தம்பி. நாங்க வச்சதுலதான் அவ வெரல் ஒடிஞ்சுச்சு. இம்புட்டு நாளும் சொல்லாம இருந்ததுக்கு ஆண்டவர் மன்னிக்கணும், அவளும் மன்னிக்கணும்." சற்று நிறுத்தினாள். "மறுபடியும் யாரும் எவ கையிலயும் எதையும் வைக்காதீக."

விரலை எடுத்தாள். மேசைமேல் கிடந்த திலீபனின் கைப்பேசி ஒலித்தது. பாண்டியம்மாளின் இடுப்பில் ஒலித்தது. சன்னல் ஓரத்துப் பைகளில் ஒவ்வொன்றாக ஒலித்து அடங்கின. திலீபன் தன் கைப்பேசியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொர்ணலதா அவனைக் கடந்து அந்தக் கறுப்புச் சட்டத்தின் முன் போய் நின்றாள். சட்டத்தில் மிகச் சிறியதை இடக்கையால் எடுத்தாள். அது குளிர்ந்திருந்தது. அவள் எண்ணியிருந்ததைவிடக் கனம் குறைவு. இவ்வளவுதானா என்று தோன்றியதும் மேலும் கோபம் வந்தது.

"அக்கா, மறுபடி விழுந்தா யாரு பொறுப்பு?"

"விழுந்தா நான் பொறுப்பு. விழுந்த பொறகு என் கையில எதையாச்சும் வச்சா நீ பொறுப்பு." அவள் பெண்களை நோக்கித் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. விழுந்தா ஒருச்சாய்ச்சுப் படுக்க வைங்க. தலைக்கடியில ஒரு துண்டு. பக்கத்துல இருக்கத நகத்துங்க. கால அமுக்க வேணாம், கையப் புடிக்க வேணாம், வாயில தண்ணி ஊத்த வேணாம். எப்சிபாக்கா, உங்க கீர்த்தன எம்புட்டு நேரம்?"

"நிறுத்திப் பாடுனா அஞ்சு நிமிசம்."

"அதப் பாடுங்க. பாடி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நிக்கலன்னா ஆம்புலன்சக் கூப்புடுங்க. நின்னுருச்சுன்னா நானா எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துல இருங்க. அம்புட்டுத்தான்."

"இம்புட்டுத்தானா?" என்றாள் பாண்டியம்மாள். "இதுக்கா என் சாவியத் தொலச்சேன்?"

திலீபன் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போனான். தாளை அவன் கிழிக்கவில்லை. கதவு ஆடி நின்றபோது பெரிய எழுத்துகள் கண்ணாடிக்கு அப்பால் இடவலமாகத் தெரிந்தன. அதற்குரிய போராட்டம் இன்னும் இருக்கிறது என்று சொர்ணலதா அறிந்திருந்தாள். நாளையும் அந்தத் தாளை வாசித்துவிட்டே உள்ளே வருவாள்.

அவள் நிலைக்கண்ணாடிமுன் கால்களை ஊன்றி நின்று இடக்கையை மடக்கி உயர்த்தினாள். இறக்கினாள். மனத்துக்குள் பதிகத்தை எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து, ஐந்தாம் பாட்டிலிருந்து.

அருகே சைக்கிள் சுழலத் தொடங்கியது. எப்சிபா அன்று கீர்த்தனையை வாய்விட்டுப் பாடினாள், ஒவ்வொரு அடியையும் நிறுத்தி நிறுத்தி. கண்ணை இமைக்கவில்லை.

"என்னக்கா, என்னையவே பாக்குறீக?"

"நீதானடி பாட்டப் பாடிக்கிட்டே பாக்கச் சொன்ன?"

"விழுந்தாத்தான் பாக்கச் சொன்னேன். இப்ப ரோட்டப் பாத்து ஓட்டுங்க."